நஸ்ரத்துல்லாவின் வியாழக்கிழமைகள்

கெர்மான் நகரில் நஸ்ரத்துல்லா லாரி ஓட்டினார். ஊருக்கும் துறைமுகத்துக்கும் இடையே ஓட்டிய நாட்களில் முதுகுவலிக்கென்று அபின் பிடிக்கத் தொடங்கியவர், பிறகு வலி இல்லாத நாளிலும் பிடித்தார். எங்கள் ஊரில் அது தனியாகச் செய்யும் காரியமல்ல. வியாழன் மாலைகளில் அவர் நண்பர் ஹெஷ்மத் வீட்டில் கணப்புச்சட்டியைச் சுற்றி நான்கு பேர் உட்காருவார்கள். இடுக்கியில் தணல், பீங்கான் குமிழ் வைத்த குழாய், கடுந்தேநீர். மனைவி இறந்த பிறகு நஸ்ரத்துல்லாவுக்குப் பேச்சுத்துணை அங்கிருந்த மூவர்தான். மகள் வேறு ஊரில், யஸ்தில் இருக்கிறாள், பண்டிகைக்குப் பேசுவாள்.

ஒருமுறை ஈயம் கலந்த அபின் வயிற்றைச் சுருட்டிப் போட்டது. பிழைத்து வந்தவர் பழக்கத்தை விடுவதென்று முடிவெடுத்தார். நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை எல்லாம் பட்டார். உடம்பிலிருந்து அபின் முழுக்க வடிந்த பிறகே நான் செவிலியாக இருக்கும் சிகிச்சை மையத்தில், அபின் ஏறாமல் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கினோம். காலையில் என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பேன்.

வியாழக்கிழமைகளை மட்டும் அவர் விடவில்லை. போனார்; குழாய் வந்தால் வாங்கி இழுத்தார். ஒன்றும் ஏறவில்லை. மற்றவர்கள் கண் சொருகிச் சிரிக்க, இவர் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்.

“இவனுக்குக் குடுக்கறது சுவத்துக்குப் புகை போடற மாதிரி” என்று ஹெஷ்மத் கேலி செய்தாராம்.

வசந்தம் பிறந்ததும் ஒரு நாள் என்னை, பெண்களை மரியாதையாக அழைக்கும் வழக்கப்படி, ‘கானும்’ என்று கூப்பிட்டுக் கேட்டார்.

“கானும், இந்த மாத்திரையை ரெண்டு மூணு நாள் விட்டா என்ன?”

“எதுக்கு?”

“ஒரே ஒரு வியாழக்கிழமைக்கு. அவங்க எங்க போறாங்களோ அங்க நானும் போகணும். அபின் மேல ஆசையில்ல.”

அதை நம்பினேன். அதனால் பதில் மாறிவிடாது.

“மூளையில அபின் வந்து உட்கார ஒரு எடம் இருக்கு, ஏற்பின்னு பேரு. லாரி சீட்டுன்னு வெச்சுக்குங்க. இப்ப அதுல மாத்திரை உட்கார்ந்திருக்கு. வண்டியும் ஓட்டாது, எடத்தையும் விடாது.”

“அப்ப எறக்கி விட்டுடலாமே.”

“எறங்கிடும், அபின் ஏறும். வலியைக் கொறைக்கற எடத்துல மட்டும் அந்த சீட்டு இருந்தா சரி. மூச்சை நடத்தற எடத்துலயும் அதே சீட்டுதான் இருக்கு, ஐயா. முன்னாடி உங்க உடம்பு பழகி மரத்துப் போயிருந்துச்சு, கொண்டைக்கடலை அளவு தாங்கினீங்க. இப்ப மாசக்கணக்கா அது உள்ள சேரல, மரப்பு போயிடுச்சு. அதே கடலை மூச்சை நிறுத்திடும்.”

“ஹெஷ்மத்துக்கு என் அளவு தெரியும்.”

“உங்க பழைய அளவு தெரியும்.”

“சின்னதா வெட்டச் சொல்றேன்.”

“எது சின்னதுன்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விடுங்க. கேக்க மாட்டீங்கன்னா, குழாயைத் தொடறதுக்கு முன்னால இதையாவது அவர்கிட்டச் சொல்லுங்க.”

செவ்வாயும் புதனும் அவர் மாத்திரைக்கு வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளி எங்களுக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை உயிரோடு வந்து நின்றார்.

“தொட்டீங்களா?”

“இல்ல. ஹெஷ்மத் குழாயைக் கையில குடுக்கும்போது சொல்லிட்டேன்.”

“அதுக்கு?”

“‘என் கம்பளத்துல பொணம் விழணுமாடா? எழுந்திரு’ன்னான். டீயாவது குடிச்சிட்டுப் போறேன்னேன். ‘நீ இருந்தா எங்களுக்கு ஏறாது, உன் மூச்சையே பாத்துக்கிட்டிருப்போம். இனிமே வராத’ன்னான். செருப்பை அவனே எடுத்து வெச்சான்.”

“அவர் பண்ணது சரிதான்.”

“சரிதான்” என்றார் அவரும்.

மாத்திரையைக் கொடுத்தேன். விழுங்கினார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அந்த மாத்திரை செய்யும் வேலை ஒன்றுதான். ஹெஷ்மத் வீட்டு அறையில் அவர் இழந்த இடத்துக்கு எங்கள் அலமாரியில் எதுவும் இல்லை. மகளிடம் போய் இருக்கலாமே என்றேன். அவள் வீடு சின்னது என்றார்.

போகாமல் நாற்காலியிலேயே இருந்தார்.

“ரத்த அழுத்தம் பாருங்களேன், கானும்.”

பார்த்தேன். சரியாக இருந்தது.

“இந்தக் கையில?”

அந்தக் கையிலும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன். அதுவும் சரியாகவே இருந்தது. பின்னால் ஆட்கள் நின்றதால் எழுந்திருக்கச் சொன்னேன். மறுநாள் கதவு திறக்கும்போதே வந்தார், சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு.