மூன்றாவது கோட்டிங்

எங்கள் ஜீப் என் கல்யாணத்துக்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. அந்த வகையில் அது எனக்கு மூத்தாள். ஆத்தூர்ப் பக்கம் லாரி இறங்காத தோப்புப் பாதைகளில் இறங்கி, தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வருவது அதன் பிழைப்பு, எங்கள் பிழைப்பும் அதுதான். மஞ்சள் போர்டு வண்டி என்பதால் வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். நல்லவேளை, மனுஷிக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை. வைத்திருந்தால் என் முழங்காலுக்கு முதல் வருஷமே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் என் கணவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ கிளாஸ் ஆடியது, பிறகு ஸ்டியரிங். நரம்புக் கோளாறு, மாத்திரையோடுதான் இருக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். நான் லைசென்ஸ் எடுத்தேன். அதற்கப்புறம் வண்டி ஓட்டுவது என் வேலையாயிற்று. எஃப்.சி.க்குத் தயார் செய்வதை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் தெருவில் யார் வண்டி எஃப்.சி.க்குப் போவதாக இருந்தாலும் அவரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்டவர், இந்த வருஷம் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் மெக்கானிக் பார்க்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். "அடிச்சட்டத்துக்குப் பெயிண்ட் மட்டும் நான் அடிச்சிர்றேன்" என்றார். அவர் கையில் மிச்சமிருந்தது அந்த ஒரு வேலைதான். வண்டி தேறுவதைவிட அந்த வேலை கெட்டுப்போகக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

எஃப்.சி.க்கு இரண்டு நாள் முன்பு காலையில், முன்பக்க வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். துணி காயப்போட்டபடி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் இழுத்த இடமெல்லாம் கோடு நெளிந்தது. அது தெரியக் கூடாது என்று அதன்மேல் இன்னொரு கோட்டிங் போட்டார். அதுவும் நெளிந்தது. மூன்றாவது தடவை டப்பாவைத் திறந்தபோது என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"போதும் விடுங்க. இன்ஸ்பெக்டரு என்ன பொண்ணு பாக்கவா வாராரு?"

"கோடு கோடாத் தெரியுது புள்ள. இன்னொரு கோட்டிங் போட்டா மறஞ்சிரும்."

"மறையாட்டி என்ன கொறஞ்சு போச்சு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். போன வேகத்தில் ஒரு சட்டியையும் ணங்கென்று வைத்தேன். எனக்கு இரக்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். இதற்காக எத்தனையோ தடவை வருத்தப்பட்டிருக்கிறேன், திருந்தியது கிடையாது.

எஃப்.சி. அன்று மைதானத்தில் காலையிலேயே வெயில் ஏறியிருந்தது. அவரால் நெடுநேரம் நிற்க முடியாது. வேப்பமரத்தடி டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் வண்டியோடு வரிசையில் நின்றேன். லைட், ஹாரன், பிரேக், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டர் பார்த்தார், குறை சொல்லவில்லை. கடைசியாகச் சேஸிஸ் நம்பருக்கு வந்தார். வலது சக்கரத்துப் பக்கம் அடிச்சட்டத்து இரும்பிலேயே வெட்டியிருக்கும் எண் அது. அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பும். ஆர்.சி. புத்தகத்தோடு அது ஒத்துப்போனால்தான் வண்டி நம்முடையது.

அவர் தேய்த்தார். தாள் கறுத்ததே தவிர ஒரு எண்கூட எழும்பவில்லை.

"நம்பரைக் காணமேம்மா. அழிச்சிருக்கா?"

"ஐயோ இல்ல சார். எங்க வீட்டுக்காரர் பெயிண்ட் அடிச்சாரு, கொஞ்சம் கூடிப்போச்சு."

"யாராச்சும் நம்பர் மேலயே இம்புட்டு அடிப்பாங்களா? சரி, சுத்தம் பண்ணிட்டுக் கடைசியா வாங்க. அப்பவும் தெரியலேன்னா இன்னைக்கி நடக்காது."

மற்ற வருஷமெல்லாம் என் கணவர் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அடிப்பார். இந்தத் தடவை நெளிவை மறைக்கிற மும்முரத்தில் அது நினைப்பில் வரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷம் என்மேலேயே வந்தது. நான் வெடுவெடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ.

டூல் பாக்ஸில் ஸ்குரூ டிரைவரைத் தேடினேன். பின்னால் வேனோடு நின்றவர் தோல் கிடங்குக்கு ஓட்டுகிற பாய், எங்களுக்குத் தெரிந்தவர்தான்.

"சுரண்டாதீங்கக்கா, நம்பரும் சேந்து போயிரும். எங்கிட்ட பெயிண்ட் கரைக்கிற தின்னர் இருக்கு, தாரேன்" என்றார். பிறகு வேப்பமரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "அண்ணன் அங்கனதான உக்காந்திருக்காரு?" என்று கேட்டுவிட்டு, தன் வேனை எடுத்து எனக்கும் மரத்துக்கும் நடுவில் நிறுத்தினார். அந்த மனுஷனை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

புடவையோடு தரையில் உட்கார்ந்தேன். தின்னரில் துணியை நனைத்து ஊறவைத்து, பிளக் துடைப்பதற்காக என் வீட்டுக்காரர் வைத்திருந்த பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். கறுப்பு கரைந்து கையெல்லாம் வழிந்தது. அவர் எவ்வளவு சிரமப்பட்டுப் போட்ட கோட்டிங் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு எண்ணாகத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மறுபடி தேய்த்துப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன்.

"என்ன சொன்னாரு?"

"தேறிருச்சு. பெயிண்ட் வேலை நல்லா இருக்குன்னாரு."

அவர் என் விரல்களைப் பார்த்தார். தின்னர் வாடை எனக்கே அடித்தது. எனக்கொரு டீ சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக வலது சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தார். எண்ணைச் சுற்றி இரும்பு வெறுமையாகத் தெரிந்தது. உள்ளே போய்ப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் ஒரு சுருள் டேப்பும் கொண்டுவந்தார். நடுங்குகிற விரல்களால், ரொம்ப நேரம் பிடித்தாலும், டேப்பை எண்ணின் மேல் சரியாக ஒட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காரு."

"நானா?"

"வெறும் இரும்பா விட்டா துரு ஏறிரும். இனிமே இதையும் நீயே அடிச்சிரு."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிரஷ்ஷை நனைத்து இழுத்தேன். கோடு கோணிக்கொண்டு போனது. அதை மறைக்க மறுபடி நனைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார்.

"ஒனக்கும் கை ஆடுது புள்ள. விடு, ஒரு கோட்டிங் போதும்."