ராசா சாய்ந்து கிடந்தது

உயிரோடிருந்த ஒரு மீனை நான் குப்பையில் போட்டேன். உயிரிருக்கிறது என்று தெரிந்துகொண்டே போட்டேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். கொட்டாஞ்சேனை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்ய மூன்று தடவை முழந்தாளிட்டேன். பொய் சொன்னது, பொறாமைப்பட்டது எல்லாம் வந்தன. இது மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. கிழமைக்கு நாலு நாள் மீன் குழம்பு வைக்கிற ஒருத்தி ஒரு மீனுக்காக அழுகிறாள் என்றால் சுவாமியாருக்கே சிரிப்பு வராதா? அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மீன் என் அக்காவுடையது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் அத்தான் வாங்கிவந்தபோது அது சுண்டுவிரல் அளவுதான். பிறகு உள்ளங்கையை விட நீளமாக வளர்ந்துவிட்டது. செம்மஞ்சள் உடம்பு, மூன்று கறுப்புப் பட்டை. கடைகளில் க்ளவுன் லோச் என்பார்கள். அக்கா ராசா என்பாள். அத்தான் மாரடைப்பில் போன பிறகு, வெள்ளவத்தை ஃபிளாட்டில் அவளுக்கு மிஞ்சியது ராசா மட்டும்தான். தீன் போட்டால் 'டிக், டிக்' என்று சத்தம் போடும்... மீன் சத்தம் போடுமா என்று கேட்காதீர்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். "பார், என்னோட கதைக்கிறான்" என்பாள் அக்கா.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தவள், இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கோணிய வாயால் ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். "ரா... சா..."

"நான் பாக்கிறன் அக்கா. நீங்க யோசிக்காதேங்கோ" என்றேன். சத்தியம் செய்து கொடுத்தேன்!

கொட்டாஞ்சேனை வீட்டைப் பூட்டிவிட்டு, உடுப்புப் பையோடு அக்காவின் ஃபிளாட்டுக்கு வந்தேன். விடிய எழும்பிக் கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டம், அங்கிருந்து வேலைக்கு ஓட்டம், பின்னேரம் திரும்பவும் ஆஸ்பத்திரி. இதற்கிடையில் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றவும் வேண்டும்.

இரண்டாம் கிழமை, ஒரு வியாழன் காலை, ராசா தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கமாக, அசைவில்லாமல்.

எனக்கு அழுகை வரவில்லை. சொல்லவே கூசுகிறது... 'அப்பாடா, ஒரு வேலை குறைந்தது' என்றுதான் முதலில் தோன்றியது.

அந்த நேரம் பார்த்துக் கீழே குப்பை வண்டியின் மணி கேட்டது. அழுகுகிற குப்பையை எங்கள் ஒழுங்கையில் கிழமைக்கு இரண்டு தடவைதான் எடுப்பார்கள். விட்டால் ஞாயிறு வரை பூட்டிய வீட்டுக்குள் நாறும். அவசரமாக வலையைப் போட்டு அள்ளினேன். வலையில் ஒருதரம் துள்ளியது. என் கை நடுக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரக்கறித் தோல் கிடந்த பைக்குள்ளேயே போட்டு முடிச்சிட்டு, நாலு மாடியும் படிக்கட்டால் ஓடி இறங்கினேன்.

பையை வாங்கிய வண்டிக்காரர் அப்படியே நின்றார். பை அவர் கையில் அசைந்தது.

"அக்கே, மேகட்ட பண தியெனவனே!"

இதற்கு உயிரிருக்கிறதே என்று சிங்களத்தில் சொல்கிறார்...

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பையைப் பறித்துக்கொண்டு மேலே ஓடியிருக்க வேண்டும். தொட்டியில் தண்ணீர் அப்படியே இருந்தது. இரண்டு நிமிஷ வேலை! பின்னால் த்ரீவீல்காரன் ஹோர்ன் அடித்தான். எனக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகியிருந்தது.

"நே, நே, மெருணா" என்றேன். இல்லை, செத்துவிட்டது என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன்.

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் பையை உள்ளே போட்டார். வண்டி காலி வீதிப் பக்கம் திரும்பியது.

ஏன் அப்படிச் சொன்னேன்? களைப்பா? வெட்கமா? அல்லது, போய்த் தொலையட்டும் என்று உண்மையிலேயே நினைத்தேனா? எத்தனை தரம் கேட்டுப் பார்த்தும் எனக்கே விளங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்று இருந்தது. ஆனால் சாய்ந்து கிடந்தது. "இது செத்திருக்கே" என்றேன். கடைக்காரர் நகத்தால் கண்ணாடியைத் தட்டினார். எழும்பி நீந்தியது!

"இந்தச் சாதி அப்பிடித்தான் மிஸ், செத்த மாதிரித்தான் படுத்துத் தூங்கும். எத்தினை பேர் உயிரோட எறிஞ்சிட்டு வேற வாங்க வாறாங்க தெரியுமா?" என்று சிரித்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய? அதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா வீடு வந்தாள். பேச்சு அரைகுறையாகத் திரும்பியிருந்தது. கண் பார்வை மங்கியிருந்தது, பட்டை வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. சக்கர நாற்காலியை நேரே தொட்டியடிக்குத் தள்ளச் சொன்னாள். இடக்கையால் தீன் போட்டாள். மீன் ஓடி ஒளிந்தது. சத்தமே இல்லை.

ஒவ்வொரு நாளும் இதுதான். காதைக் கண்ணாடியில் வைத்துக் காத்திருப்பாள். "கோவம்... விட்டுட்டுப் போயிட்டன்தானே" என்று அழுவாள். நான் கண்ணைத் துடைத்துவிடுவேன். சொன்னால் தாங்குவாளா? அதிர்ச்சி கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்... அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று!

போன மாதம் ஒரு காலை, புது மீன் தொட்டியின் அடியில் சாய்ந்து படுத்தது. அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"பார்... நடிப்பு! கோவம் போயிட்டு."

என் கையைத் தன் இடக்கையால் பிடித்துக்கொண்டாள். "நான் இல்லாத நேரமும்... இப்பிடிப் படுத்திருப்பான். வேற ஆளெண்டா... செத்ததெண்டு எறிஞ்சிருக்கும். நல்ல காலம்... நீ இருந்தாய்."

"ஓம் அக்கா" என்றேன்.

இப்போது தினமும் காலையில் என்னைக் கூப்பிட்டு, "தட்டு" என்பாள். நகத்தால் கண்ணாடியைத் தட்டுவேன். மீன் எழும்பும். அவள் சிரிப்பாள். அன்றைக்கு நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்...

வண்டி வருகிற நாளென்றால், பிறகு குப்பையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்குவேன். அதே வண்டிக்காரர்தான் இன்னும் வருகிறார். என் பையை மட்டும், வண்டியில் போடுவதற்கு முன், ஒருதரம் குலுக்கிப் பார்க்கிறார்.