பன் இல்லாத பர்கரும் ஒரு சிட்டிகைப் பெருங்காயமும்

பர்கரிலிருந்து பன்னை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டார் என் கணவர். எல்லாமே மிஞ்சும் என்றேன். கறி மிஞ்சும், வெங்காயம் மிஞ்சும், வினிகரில் ஊறிய வெள்ளரி மிஞ்சும், உருகி வழியும் சீஸ் மிஞ்சும், கடுகின் காரமும் தக்காளியின் புளிப்பும் மிஞ்சும். பன் வெறும் கைப்பிடி. கைப்பிடி இல்லையென்றால் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் தின்றுவிட்டுப் போகிறோம். அடியில் உருளைக்கிழங்கைப் பரப்பிவிட்டால் வயிறும் நிறையும். பக்கத்து அறையில் மகள் இருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன குளிர்காலம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ரத்தம் எடுத்தார்கள், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், கோதுமை இவள் குடலுக்கு ஆகாது, துளிகூட ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது என்றார்கள். டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மா சேதி கேட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ரொட்டி இல்லாமல் ஒரு பெண்பிள்ளை எப்படி வளரும் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

எங்களுக்கோ சிரிப்புதான் வந்தது. "நாம என்ன ரொட்டி திங்குற ஆளுகளா? சோறு திங்குறவுக. கோதுமைதான போகுது, போயிட்டுப் போகட்டும்" என்றார் என் கணவர். திருநெல்வேலியை விட்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகியும் அவர் பேச்சு அங்கேயேதான் நிற்கிறது. நான் அவரைவிடத் துணிச்சல்காரி. ஆட்டா டப்பாவைக் கவிழ்த்தேன். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், பிரெட் எல்லாவற்றையும் ஒரே நாளில் வீட்டைவிட்டு அனுப்பினேன். இட்லி, தோசை, சாம்பார், ரசம், புளிக்குழம்பு, மோர். எந்த ஊர் டாக்டர் வந்து என்ன குறை சொல்லிவிட முடியும்? உலகத்திலேயே இந்த நோய்க்கென்று படைத்த சமையல் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிற்காமல் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அவளுக்குப் போனது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை பர்கர். பள்ளி விட்டதும் மூன்று தோழிகளோடு ஒரு கடைக்குப் போவது வழக்கம். அதன் பிறகும் போனாள். அவர்கள் தின்ன, இவள் சோடா குடித்தாள். பிறகு சோடாவும் அலுத்துப்போய்ப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தோம். இறங்கியிருக்க வேண்டிய எண் இறங்கவே இல்லை. நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், ஆட்டோவில் வரும்போது கேட்டேன்.

"உண்மையைச் சொல்லு. கடையில பர்கர் தின்னியா?"

"இல்லம்மா."

"திட்ட மாட்டேன், சொல்லுட்டி. ஒரு கடி, ரெண்டு கடி?"

"இல்லன்னு சொல்றேன்ல."

நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை வாயால் சொல்லவும் இல்லை. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு பஸ்களை எண்ணுவதுபோல உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தெரியாதா?

அடுத்த வாரம் உணவு ஆலோசகரிடம் போனோம். இந்திக்காரப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர். அடுப்பங்கரையில் இருக்கிற அத்தனை டப்பாவையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட் துணிப்பை இரண்டில் அடைத்துக்கொண்டு போய், பரீட்சைத்தாளை நீட்டும் முதல் மாணவி போல மேசைமேல் பரப்பினேன். மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், நானே வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து "அச்சா, அச்சா" என்று ஓரமாக வைத்தார். கடைசியில் ஒரு சின்ன டப்பா. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பிறகு டப்பாவைத் திருப்பி என் பக்கம் வைத்து, விரல் நகத்தால் ஒரு வரியைக் காட்டினார்.

கூட்டுப் பெருங்காயம். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில்.

இருபது வருடமாக அந்த டப்பா என் வலக்கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு நாளும் அதன் முதுகைப் பார்த்ததில்லை. உப்பின் முதுகை யார் பார்க்கிறார்கள்? எத்தனை சிட்டிகை என்று அங்கேயே மனது ஓடத் தொடங்கிவிட்டது. சாம்பாரில் ஒன்று, ரசத்தில் ஒன்று, கூட்டில், தோசைப்பொடியில், வயிற்றுவலிக்கு நல்லது என்று மோரில் கலக்கிக் கொடுத்ததில். ஆம், வயிற்றுவலிக்கு நல்லது என்றுதான். அவள் சுருண்டு படுத்த நாட்களில் இன்னொரு சிட்டிகை சேர்த்தே போட்டேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள். "நான் சாப்பிடலன்னு சொன்னேன்ல."

மன்னிப்புக் கேட்டேன். அன்றும் கேட்டேன், மறுநாளும் கேட்டேன். "பரவால்லம்மா" என்றாள். பரவாயில்லாமல்தான் பேசினாள், சிரித்தாள், தலையைப் பின்னக் கொடுத்தாள். சாப்பிட மட்டும் இல்லை. முதல் சில நாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "இதுல என்ன போட்டே?" என்று கேட்டாள். சொல்வேன். கேட்டுக்கொள்வாள். இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு கேட்பதையும் விட்டாள். தானே ஒரு சின்னக் குக்கரை எடுத்து உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலை உரித்து, உப்பைத் தொட்டுத் தின்றாள். முட்டை, வாழைப்பழம், வெறும் சோறு, உருளைக்கிழங்கு. ஒரு மாதம். அவளுடைய கணக்கு எனக்கு மெல்லத்தான் புரிந்தது. தோலோடும் ஓட்டோடும் வருகிற பொருளில் யாரும் எதையும் போட்டிருக்க முடியாது. நான்கூட.

எதிர்வீட்டு அம்மா ஒருமுறை சொன்னார், குழந்தை இளைத்துப் போயிற்று என்று. எனக்குத் தெரியாதா என்ன, எனக்கும் மகளுக்கும் நடுவே ஒரு டப்பா நிற்கிறது என்று.

நான் உட்கார்ந்து அழுகிற ஜாதகம் இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம், வடகம், கேரளப் பழம் விற்கிற கடைக்குப் போய் மாவு கலக்காத பால் பெருங்காயம் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கம். ஒரு கண்ணாடிக் குப்பியை உள்ளிருந்து எடுத்துவந்தார். "வெறும் பிசினாக்கும். ஊசிமுனையளவு போதும் கேட்டோ, கூடிப்போனா நாலு வீடு தள்ளியும் மணக்கும்" என்றார். கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். திறக்கவில்லை. அவள் சொல்லாமல் திறப்பதில்லை என்று முடிவு. குப்பி அங்கேயே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்படியிருக்க, அரையாண்டுத் தேர்வு முடிகிற நாளுக்குத் தோழிகள் மூவரும் பர்கர் கடைக்குத் திட்டம் போட்டார்கள். வர மாட்டேன் என்று இவள் போனில் சொல்வது கேட்டது. அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் நான் அந்தப் பன் பிரசங்கத்தைச் செய்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"யாருக்கு இது?"

"உன் பட்டாளத்துக்கு. இங்க வரச் சொல்லு."

"அம்மா, ப்ளீஸ். இட்லியைப் பர்கர் மாதிரி அடுக்கி வைக்க மாட்டியே?"

"உருளைக்கிழங்கு. நீ திங்கிற அதே உருளைக்கிழங்கு. மேல பர்கர்."

யோசித்தாள். "நான் பக்கத்துல நிப்பேன். ஃபுல் டைம்."

"நில்லு."

"அதாவது, போலீஸ் மாதிரி நிப்பேன்."

"லத்தியோட நில்லு."

தள்ளுவண்டிக்காரரிடம் நானும் அவளுமாகப் போனோம். செப்டம்பரில் குளிர்கிடங்கு கிழங்கு இனித்துத் தொலைக்கும், வறுத்தால் கறுக்கும். "பையா, மீட்டா தோ நஹி?" என்று அவள்தான் கேட்டாள். மலைக்கிழங்கு, தித்திக்காது என்று ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். இரண்டு கிலோ. கொத்துக்கறியும் சீஸும் சாலட் இலையும் வந்தன. தோழிகள் மூவரும் கறி தின்பவர்கள் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு புட்டியின் முதுகையும் இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். வினிகர், தக்காளி சாஸ், சீஸ். எனக்கு வெள்ளெழுத்து, கையை நீட்டி நீட்டிப் பிடித்தேன். அவள் சிரித்துவிட்டு என் கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டுவிட்டாள்.

அந்த நாளும் வந்தது. கிழங்கைத் தோலோடு கட்டங்கட்டமாக நறுக்கித் தண்ணீரில் போட்டேன். மாவு வெள்ளையாக இறங்கிற்று. அரை வேக்காட்டில் வடித்து, துணியில் உலர்த்தி, எண்ணெய் புரட்டி ஓவனுக்குள் தள்ளினேன். பரீட்சை எழுதி வந்த கையோடு அவள் மேடையருகே காவலுக்கு நின்றாள், சட்டையில் மைக்கறையோடு. வாணலியில் கொத்துக்கறி. வெங்காயம், மிளகு, பூண்டு. தண்ணீர் ஊற்றவில்லை, ஊற்றினால் அது குழம்பு. அதன் ஈரம் அதிலேயே வற்றி, அடியில் பிடித்து, சுரண்டச் சுரண்ட நிறம் ஏறி, கறிக்கு ஒரு கருகல் வாசம் வந்தது பாருங்கள், எந்தக் கடைக் கல்லிலும் வராது. கெட்டித் தயிரில் அரைத்த கடுகும் தக்காளி சாஸும் மிளகாய்த்தூளும் கலக்கினேன்.

கறியை ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். நீட்டிய பிறகுதான் உறைத்தது, ஒரு மாதமாக என் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனதில்லை என்று. ஊதினாள். தின்றாள். சப்புக்கொட்டினாள்.

"நல்லாருக்கு. ஆனா ஏதோ இல்ல."

என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். பாதி உலகத்துக்கே தெரியாவிட்டாலும் என் நாக்குக்குத் தெரியும்.  கரண்டியை வாணலியின் விளிம்பில் தட்டி வைத்தேன். அவள் இன்னொரு வாய் எடுத்தாள், மேலே பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். எட்டிக் குப்பியை எடுத்து அதன் முதுகைப் படித்தாள். ஒரே ஒரு சொல்தான் அதில் இருந்தது. ஆனாலும் இரண்டு முறை படித்தாள்.

"போடு" என்றாள்.

மிளகளவு கிள்ளி, சூடான எண்ணெயில் விட்டேன். பொங்கி, பொரிந்து, பொன்னிறமாகப் பூத்தது. நசுக்கிக் கறியில் தூவினேன். வீடு திடீரென்று வீடாயிற்று. உள்ளறையிலிருந்து கணவர், "என்ன, ரசமா?" என்றார்.

"பர்கர்" என்று அவளே பதில் சொன்னாள்.

நாலு மணிக்குத் தோழிகள் வந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக்காரி, ஒருத்தி உயரம், ஒருத்தி வாய். அந்த வாய்க்காரி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஆறு பன். "ஆன்ட்டி, பன் இல்லாம என்ன பர்கர்? நான் கொண்டுவந்துட்டேன்" என்று இந்தியில் பெருமையாகச் சொன்னாள். பொட்டலத்தின் ஓரத்தில் துகள் உதிர்ந்து கிழங்குத் தட்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது. துடைக்கும் துணியை எடுத்தேன். பேச வாயெடுத்தேன்.

அதற்குள் மகள் பொட்டலத்தைத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தாள். "உன் பன் உன் மடியில. அந்தக் கை இந்தப் பாத்திரத்துக்கு வரக் கூடாது. வந்தா எனக்கு மூணு நாள் ஆஸ்பத்திரி, உனக்கு எங்கம்மா."

"அவ்வளவு சீரியஸா? நீ டயட்டுன்னு நினைச்சோம்ப்பா."

"உருளைக்கிழங்கு தின்னு யாராவது டயட் இருப்பாங்களா?"

அவர்கள் சிரித்தார்கள். வாய்க்காரி எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். பன் பொட்டலம் செருப்பு ஸ்டாண்டுக்குப் போயிற்று. நான் துகளைத் துடைத்துவிட்டுக் கிண்ணங்களை அடுக்கினேன். அடியில் மொறுமொறுத்த கிழங்கு, மேலே கறி, அது சூட்டோடு இருக்கும்போதே சீஸ், பிறகு வெங்காயம், வெள்ளரி, நறுக்கிய இலை, எல்லாவற்றுக்கும் மேல் சாஸ் ஒரு கோடு.  ஐந்து நிமிடம் கரண்டிகள் மட்டும் பேசின.

கண்ணாடிக்காரி நிமிர்ந்து என்னைக் கேட்டாள். "ஆன்ட்டி, இதுல என்ன போட்டீங்க? கடை டேஸ்ட் இல்ல இது, அதைவிட..."

நான் வரிசையாகச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மகள் வாய் நிறைய உணவோடு, "ஹிங்" என்று பெருங்காயத்தை இந்தியில் சொன்னாள். விழுங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள், "எங்கம்மாவோட ஹிங். ஸ்பெஷல். கடையில கிடைக்காது." ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும் என்று நான் திருத்தவில்லை.

அவர்கள் போன பிறகு, மிச்சமிருந்த கிழங்கையும் கறியையும் என் கணவர் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டார். "கெழங்கு நல்லாருக்கு. மேல எலை எதுக்கு, ஆடா நாம?" என்றார். மகள் சோபாவில் காலை நீட்டிப் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுல என்ன போட்டே?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை, கட்டைவிரல்கள் இரண்டும் திரைமேல் காத்திருந்தன. கண்ணாடிக்காரியின் அம்மா செய்முறை கேட்கிறாராம்.

குழாயை மூடிவிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிழங்கு இரண்டு கிலோ, கொத்துக்கறி ஒரு கிலோ, வெங்காயம் நாலு. அவள் தட்டிக்கொண்டே வந்தாள். கடுகு, தயிர், வினிகர். "பெறவு பெருங்காயம்" என்றேன்.

"அதைத்தான் முதல்ல போட்டேன்" என்றாள். "எந்தப் பெருங்காயம்னு மட்டும் நீ ஒழுங்கா சொல்லு. அவங்க வீட்டுலயும் நம்ம பழைய டப்பாதான் இருக்குமாம்."