கொல்லத்தில் இடைவேளை

பத்துப் பன்னிரண்டு வருடம் நான் வேன் ஓட்டினேன். கொச்சித் துறைமுகத்தில் மீன் இறக்கிவிட்டு வீடு திரும்பும் எங்கள் ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வருவது என் பிழைப்பு. ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத்தான் கரையைப் பார்ப்பார்கள். இறங்கியதும் வீட்டுக்கு போன் போட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, கூரை இன்னும் ஒழுகுகிறதா என்று எல்லாம் விசாரிப்பார்கள். ஆனால் போனை எடுத்தவளுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை போகும்: பந்துக் காரியத்தை மட்டும் வாய் திறந்து சொல்லிவிடாதே.

பந்துக் காரியம் சொல்வது என் பொறுப்பு. அவர்கள் கடலில் இருந்தபோது ஊர் அணி ஆடிய கால்பந்து ஆட்டத்தை வேனில் வைத்துச் சொல்ல வேண்டும், தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும், முடிவை முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று எனக்குத் தெரியாது, ஆனால் மீறியவன் எங்கள் ஊரில் கிடையாது. கொச்சியில் வண்டி கிளம்பும்போது விசில் அடிப்பேன். கொல்லத்தில் சாயா குடிக்க நிறுத்துவேன், அது இடைவேளை. களியக்காவிளை செக்போஸ்ட் வரும்போது கடைசி விசில். ஒன்றரை மணி நேர ஆட்டத்தை அவ்வளவு தூரத்துக்கு எப்படி இழுப்பாய் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் எங்கள் ஆட்களோடு பேசிப் பார்த்ததில்லை. ஒரு த்ரோவைத் தப்பாகக் கொடுத்தான் என்று நான் சொன்னால் போதும், ஆலப்புழை தாண்டும் வரை அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்கள்.

முன் சீட்டு எப்போதும் அத்தானுக்கு. என் அக்காளின் கணவர். பந்து அவர் காலில் பட்டு நான் பார்த்ததே இல்லை; பட்டிருந்தால் கால்தான் முறிந்திருக்கும். ஆனால் எங்கள் ஊர் அணி ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். அதில் முக்கால்வாசி என் வாயால் கேட்டவை. அதிலும் ஜனவரி மாத ஆட்டம் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. கடற்கரை ஊர்களின் லீக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் தொடங்கும். ஊர்களை இரண்டு பிரிவாக வைத்திருப்பார்கள். எங்கள் பிரிவில்தான் கிழக்குக் கரையும் இருந்தது. கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர். அவர்களிடம் பெண் கொடுத்துப் பெண் எடுப்போம், சாவு என்றால் போய் உட்கார்ந்து அழுவோம். பந்து என்று வந்துவிட்டால் அவர்கள் கிணற்றுத் தண்ணீர்கூட எங்களுக்கு இறங்காது. லீக்கின் முதல் வாரங்களிலேயே அவர்களோடு ஆட்டம் வரும். அந்த நேரம் அத்தான் எங்கேயோ நடுக்கடலில் தூண்டில் இறக்கிக்கொண்டிருப்பார்.

சுனாமி கழிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்த அத்தான் திரும்பக் கடலுக்குப் போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, ஆள் பாதியாகிப் போனார். கருங்கலில் ஒரு டாக்டரிடம் காட்டி, அங்கிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் கட்டி, ரொம்பவும் பரவிவிட்டது என்றார்கள். அக்காளையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து மெதுவாகத்தான் சொன்னார்கள். அக்காள் அழவில்லை. ஈஸ்டர் வரைக்கும் கிடைப்பாரா என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடம்தான் அவர்கள் மகனும் ஊர் அணிக்கு எடுக்கப்பட்டிருந்தான். எனக்கு மருமகன், பத்தொன்பது வயது, பனை மாதிரி உயரம். ஸ்டாப்பர் இடத்தில் போட்டிருந்தார்கள். கோல் காக்கும் கோலிக்கு முன்னால் நின்று, வருகிற பந்தை எல்லாம் வெட்டிவிடுகிற வேலை. கிழக்குக் கரை ஆட்டத்தில் மகன் ஆடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அத்தானுக்கு வந்த ஒரே ஆசை. வேறு எதையும் அவர் கேட்கவில்லை. வேனில் மெத்தை விரித்துக் கொண்டுவந்து மைதானத்தை ஒட்டி நிறுத்திவிடலாம் என்று நானும் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஆட்டத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் ஏறியது. ஆளை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, சரி, அப்படியானால் இந்தத் தடவையும் நீதான் சொல்லப் போகிறாய் என்றார்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, கோவில் முன்னால் உள்ள மணல் மைதானத்தில். டாஸ் நாங்கள் ஜெயித்தோம். எங்கள் கேப்டன் முதல் பாதிக்கே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டான். காற்றின் தயவில் ஏறி ஏறி ஆடினோம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார்னர் கிடைத்தது. பின்னால் நிற்க வேண்டிய என் மருமகன் கோலி கத்தக் கத்த முன்னால் ஓடினான். எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் மோதினான். கோல். நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாவது பாதியில் காற்று அவர்களுடையது. ஒரு கோலைத் திருப்பினார்கள். முடிய ஐந்து நிமிடமோ என்னமோ இருந்தபோது வலது பக்கமிருந்து ஒருவன் பந்தைக் குறுக்கே அடித்தான். என் மருமகன் வெட்டக் காலை நீட்டினான். பந்து அவன் பாதத்தில் பட்டுத் திரும்பி எங்கள் கோலுக்குள்ளேயே போனது. மைதானத்தில் பாதிப் பேர் குதித்தார்கள், பாதிப் பேர் மண்ணைப் பார்த்தோம். கடைசி விசில் அடித்ததும் அவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கேப்டன் போய்த்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

சிலுவை நிற்கும் குருசடிக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் அன்று நடந்த விவாதத்தை நான் மறக்கமாட்டேன். வழக்கமாகத் தோற்ற அன்று அங்கே ஒரே கொலைவெறியாக இருக்கும். காற்றை முதலிலேயே எடுத்தது யார் புத்தி, இடது பக்கத்துப் பையனை எதற்கு மாற்றினார்கள், நடுவருக்கு அவர்கள் வீட்டில் என்ன விருந்து என்று பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது. அன்று அதெல்லாம் பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிட்டது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்கு நெய்யூரில் போய் என்ன சொல்லப் போகிறாய்?

ஜெயித்தோம் என்று சொல்லிவிடு என்றார் ஒருவர். கடைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய பொய்யைத் தாங்கும் முகம் உனக்கு இல்லை, ஒன்றுக்கு ஒன்று சமம் என்று சொல், பொய்யும் பாதியாகக் குறையும் என்று பேரம் பேசினார். மீன் விலை பேசுகிற மாதிரி என் அத்தானின் சாவுக்கு முன்னால் ஆட்டத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐந்து கோல் வாங்கி நாறிய ஆட்டத்தைக்கூட நான் ஒன்றையும் குறைக்காமல் சொன்னவன். என் வாயை நம்பித்தான் நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு கடலிலிருந்து வருகிறீர்கள் என்று கத்தினேன். கத்தினேனே தவிர, என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. தோற்றதைக்கூடச் சொல்லிவிடலாம். மகன் காலில் பட்டுத் தோற்றோம் என்று சாகக் கிடக்கிறவரிடம், அதுவும் அந்த மகனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்படிச் சொல்வது?

மறுநாள் மருமகனையும் ஏற்றிக்கொண்டு போனேன். வார்டுக்குள் போனதும் அவன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டான். அத்தான் தலையணையைச் சாய்த்து வைக்கச் சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. அக்காள் கட்டில் கால்மாட்டில் நின்றாள்.

“விசிலடி மக்கா,” என்றார்.

ஆஸ்பத்திரி என்பதால் வாய்க்குள்ளேயே அடித்தேன். தொடங்கினேன். டாஸ் ஜெயித்ததைச் சொன்னேன்.

“காத்த முதல்லயே எடுத்துட்டானுவளா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுத்தேன். ஒவ்வொரு த்ரோவும் சொன்னேன், கோலியின் புது கையுறையைப் பற்றிச் சொன்னேன், அவர்கள் பக்கத்துத் தடியன் ஒருவனின் நடையை நடந்தே காட்டினேன். அத்தான் சிரித்தார், சிரித்தால் வலித்தது, வலியோடு சிரித்தார். கார்னர் வந்தது. மகன் ஓடி வந்ததையும் எழும்பியதையும் சொன்னேன். கோல் என்றபோது அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நான் இடைவேளை விசிலுக்கு வாயைக் குவித்தேன். இனி அந்தப் பாதி.

“போரும்,” என்றார். “கொல்லம் வந்தாச்சு. நான் எறங்கி ஒரு சாயா குடிக்கேன். மிச்சத்த நாளைக்குச் சொல்லு.”

ஒரு நாளும் அவர் அப்படிச் சொன்னதில்லை. கொல்லத்தில் சாயாவை வாய் வெந்தாலும் மடக்கென்று குடித்துவிட்டு, வண்டியை எடு, வண்டியை எடு என்று உயிரை வாங்குகிற ஆள். ஆனால் எனக்கு அப்போது தோன்றியது நிம்மதி மட்டும்தான். ஒரு நாள் தவணை கிடைத்துவிட்டது. அத்தான் மகனைக் கிட்டே கூப்பிட்டார். அவன் குனிந்தபோது நெற்றியில் கை வைத்துத் தடவினார். “இந்த எடத்துலயா பட்டுது?” என்று கேட்டார். ஆமாம் என்று அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

மறுநாள் நான் போகும்போது கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். விடியும் நேரத்தில் போய்விட்டாராம். அடக்கத்துக்குக் கிழக்குக் கரையிலிருந்தும் ஆள் வந்தது. அவர்கள் அணி மொத்தமும் சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தது. என் மருமகன் அந்த வாரமே ஸ்டாப்பர் சட்டையைத் துவைத்து மடித்து கேப்டன் வீட்டில் கொடுத்துவிட்டான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அக்காள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

“அவியளுக்கு முன்னயே தெரியும்,” என்றாள்.

அத்தானுக்கு என்ன தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. அவள்தான் விளக்கிச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையிருந்தவன் கிழக்குக் கரைக்காரன் ஒருவனின் மைத்துனன். திங்கட்கிழமை காலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தவன், யார் எவர் என்று தெரியாமல், ஆட்டம் முழுவதையும் அத்தானிடமே கைகால் ஆட்டிச் சொல்லியிருக்கிறான். அந்த நெட்டைப் பயல் கால் வைத்ததால்தான் பிழைத்தோம் என்று சிரித்திருக்கிறான். பிறகு விஷயம் தெரிந்து அத்தானின் காலடியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். ஜெயித்தவன் எதற்கு அழ வேண்டும், போய் முகத்தைக் கழுவு என்று அத்தான் அவனைத்தான் தேற்றியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் நாங்கள் வருவதற்காகச் சவரம் செய்துகொண்டாராம்.

“ஒன்னட்டயும் பிள்ளயட்டயும் சொல்லப்பிடாதுண்ணு சத்தியம் வாங்குனாவ,” என்றாள் அக்காள். “‘ஒனக்க தம்பிக்குப் பொய் சொல்ல வராது. பிள்ளயும் நிப்பான். நான்தான் கொல்லத்துல எறங்கணும்’ண்ணு சொன்னாவ. ஒன்னட்டயாவது சொல்லாம எனக்கு இருக்க முடியல்ல.”

அன்றுதான் நான் அத்தானுக்காக உட்கார்ந்து அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை. சொல்வதற்குப் பயந்தவன் நான், எனக்காக ஆட்டத்தை நிறுத்தியவர் அவர். ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சாவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

ஈஸ்டருக்குப் பிறகு மருமகன் கடலுக்குப் போனான். வேண்டாம் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. முதல் தடவை கொச்சியில் இறங்கியவனை அத்தானின் சீட்டில் உட்காரவைத்தேன். கை முழுக்கத் தூண்டில் கயிறு அறுத்த தழும்பு. லீக் முடிந்திருந்தது. மற்ற வருடங்களில் அப்போது பழைய ஆட்டம் ஒன்றைச் சொல்வேன்; இந்தத் தடவை சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்று பின்னால் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்களும் வற்புறுத்தவில்லை. விசில் இல்லாமல் கிளம்பிய முதல் வண்டி அதுதான்.

கொல்லத்தில் சாயா குடிக்கும்போது அவனைத் தனியாக அழைத்துப் போய் அக்காள் சொன்னதைச் சொன்னேன். பெற்றவளுக்கு வாய்ப்பூட்டு, எனக்கு ஏது? அவன் கிளாஸைக் கையில் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். சாயா ஆறி ஆடை கட்டியது.

“அப்பாக்குத் தெரிஞ்சும் நெத்தியத் தடவுனாவளா?” என்று கேட்டான்.

ஆமாம் என்றேன். வண்டியில் ஏறியதும், நான் சாவியைத் திருகும்போது, “மாமா, விசிலடியும்,” என்றான். “அந்த ஆட்டத்துக்க மிச்சத்தச் சொல்லும்.”

அடித்தேன். சொன்னேன். முடிவு தெரியாதவர் அந்த வண்டியில் ஒருவரும் இல்லை, ஆனாலும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. காற்று திரும்பியதைச் சொன்னேன், அவர்கள் திருப்பிய கோலைச் சொன்னேன். நெய்யாற்றங்கரை தாண்டும்போது அந்தக் குறுக்கு அடி வந்தது. ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அவன் காலில் பட்டதையும் சொன்னேன்.

“கால வெக்கலண்ணா பின்னால நிண்டவன் அடிச்சிருப்பான், மாமா,” என்றான்.

பின் சீட்டிலிருந்து ஒருவர் அது சரிதான் என்றார். இன்னொருவர், இல்லை, விட்டிருந்தால் கோலி எடுத்திருப்பான் என்றார். பிறகு எல்லோரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள், களியக்காவிளை வரைக்கும் அதே சண்டை. செக்போஸ்ட் வெளிச்சம் தெரிந்தது. கடைசி விசிலுக்கு நான் வாயைக் குவித்தேன், வெறும் காற்றுதான் வந்தது. முன் சீட்டிலிருந்து அவன் அடித்தான்.