சும்மாட்டுக் குழி

கட்டட வேலைக்கு வரும் பெண்களில் அவள் ஒருத்திக்குத்தான் கலவைச் சட்டியைக் கையால் பிடிக்கிற பழக்கம் இல்லை. சட்டி தலையில் ஏறியதும் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவள் மாதிரி சாரத்துப் பலகையில் ஏறிப் போவாள். அதனால் கைவீசி என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே சில நேரம் மறந்துபோகும்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தச் சட்டிதான் வீட்டைத் தாங்கியது. ஒரே மகள். கல்லூரியில் வணிகப் படிப்பு, இரண்டாம் வருஷம். காலையில் கண் விழித்ததும் கைவீசி கடவுளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இந்தச் சட்டி என் தலையோட போகட்டும் சாமி."

சுமை தூக்குகிறவர்களுக்கு உச்சியில் தோல் காய்த்துப்போவது புதிதில்லை. அதனால், உச்சிக்குச் சற்று வலப்பக்கம் ஒரு புடைப்பு கிளம்பியபோது அதையும் காய்ப்புக் கணக்கில் சேர்த்துவிட்டாள். காய்ப்பு தோலோடு நிற்கும். இதுவோ எலும்பே எழும்பி வந்ததுபோலக் கெட்டியாக இருந்தது. அவள் விரலுக்கு அது தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் வேலை போகும், வேலை போனால் மகள் படிப்பு போகும் என்று மனசுதான் விரலை அடக்கி வைத்தது.

ஆனால் சட்டி அழுத்தினால் உயிர் போகிற வலி. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய துணியைச் சுற்றித் தலையில் வைக்கிற சும்மாட்டை மற்றவர்கள் தட்டையாகச் சுற்றுவார்கள். அவள் நடுவில் குழி விட்டுச் சுற்றினாள். புடைப்பு குழிக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பாரம் சுற்றிலும் இறங்கும். புடைப்பு வளர வளரக் குழியைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தாள். வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது.

காட்டிக்கொடுத்தது ஒரு மஞ்சள் தொப்பி. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் இரும்பு மாதிரி கெட்டியான தொப்பி கொடுத்தார்கள். இவள் தலையில் அது நிற்காமல் ஆடியது.

"என்னக்கா, உன் தொப்பி மட்டும் தாளம் போடுது?" என்று கேட்டபடி கூட வேலை செய்யும் வாயாடி வந்து, உச்சியில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். கைவீசிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மணல் குவியல்மேல் சரிந்து விழுந்தாள். தொப்பியைக் கழற்றித் தடவிப் பார்த்த வாயாடிக்கு அன்றுதான் பேச்சு நின்றது.

முதலில் போன இடம் தெருமுனை மருந்துக்கடை. கடைக்காரர் தொட்டுப் பார்த்து, "கொழுப்புக் கட்டி. நாளைக்கு வாங்க, கீறி எடுத்துடலாம்" என்றார். மகள் சம்மதிக்கவில்லை. "கீறறதுக்கு இது என்ன கொப்புளமா? வாம்மா நீ" என்று கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அங்கே எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுப் படத்தில் ஒரு வட்டம். அதற்குள் நடுவிலிருந்து நாலாபக்கமும் கோடு கோடாகக் கதிர் விரிந்திருந்தது. குழந்தைகள் வரைகிற சூரியன் மாதிரி இருந்தது. டாக்டரம்மா அதை விளக்கில் மாட்டிக் காட்டினார்.

"எலும்புக்குள்ள ரத்தக் குழாயெல்லாம் பின்னிக்கிட்டு வளர்ந்திருக்கும்மா. பாக்கறதுக்குச் சாதாக் கட்டியாத்தான் தெரியுது. ஆனா கெட்ட கட்டி ஒண்ணு ரெண்டும் இதே மாதிரி வேஷம் போடும். எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதி."

"மருந்துக்கடையில கீறிடலாம்னாங்களே?"

"கீறியிருந்தா ரத்தத்த நிறுத்த முடியாமப் போயிருக்கும். ஊசி குத்திப் பாக்கக்கூட நான் யோசிப்பேன். சுத்தி நல்ல எலும்பையும் கொஞ்சம் சேர்த்து, முழுசா ஒரே துண்டா எடுக்கணும். அப்பதான் திரும்ப வராது." பிறகு கேட்டார்: "இவ்வளவு பெருசாகற வரைக்கும் எப்படிம்மா சுமந்தீங்க?"

கைவீசி கூச்சத்தோடு பையிலிருந்து சும்மாட்டை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா குழிக்குள் விரல்களைக் குவித்து வைத்துப் பார்த்தார். "உங்க கெட்டிக்காரத்தனமே உங்களக் கெடுத்திருக்கு. சின்னதா இருந்தப்ப வந்திருந்தா சின்ன ஓட்டையோட போயிருக்கும்."

அறுவைக்கு முந்தின சாயங்காலம் தம்பி வந்தான். துணிக்கடை வைத்து நன்றாக இருக்கிறவன். கட்டிலோரம் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "அக்கா, உனக்கு ஒண்ணுன்னா உன் பொண்ணு என் பொண்ணு. அவ படிப்பு என் பொறுப்பு. சாமி சத்தியம்." அன்று இரவு கைவீசி நிம்மதியாகத் தூங்கினாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எலும்பை வட்டமாக அறுத்தெடுத்து, அந்தப் பள்ளத்தை எலும்புக்கென்றே இருக்கிற ஒரு சிமெண்டால் நிரப்பி மூடினார்கள். கேள்விப்பட்ட வாயாடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சிமெண்ட் சுமந்தே, உனக்குக் கொஞ்சம் எடுத்துக்கிட்டியா? ஒண்ணுக்கு எத்தன மணல் போட்டாங்களாம்? தண்ணி தெளிக்கச் சொன்னாங்களா இல்லியா?"

"சிரிக்க வைக்காதடி, தையல் இழுக்குது."

சோதனை முடிவு வந்தது. ரத்தக்குழாய்க் கட்டிதான், கெட்டது எதுவும் இல்லை என்றார் டாக்டரம்மா. கைவீசி கை கூப்பினாள். கூப்பிய கையை இறக்காமலே கேட்டாள்: "எப்பலேர்ந்து சட்டி தூக்கலாம்மா?"

"தலையில சுமையா? இனிமே வேண்டாம்மா. எப்பவுமே வேண்டாம்."

தம்பிக்குச் சேதி போனது. பழம் வாங்கிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் பல். "நான்தான் சொன்னேனேக்கா, ஒண்ணுமிருக்காதுன்னு! இனி நூறு வயசுக்குக் கல்லாட்டம் இருப்பே."

"சட்டி தூக்கக் கூடாதாம்டா. பொண்ணு படிப்பு..." என்று இழுத்தாள்.

"அதான் சாதாக் கட்டின்னு சொல்லிட்டாங்களே. கை கால் நல்லாத்தானே இருக்கு? ஊர்ல வேற வேலையா இல்ல?" அவசரமாகக் கடைச் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்தான். ஒன்று என்றால்தானே சத்தியம். ஒன்றும் ஆகவில்லையே.

நடமாட முடிந்ததும் மேஸ்திரியைப் போய்ப் பார்த்தாள். அவர் கெட்டவர் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார். "நீ கீழ விழுந்து வச்சா என் தலைதான் உருளும் கைவீசி. பெருக்கற வேலைக்கு ஏற்கெனவே ரெண்டு கிழவிங்க இருக்காங்க. உன் எடத்துக்கு உங்க வீட்டுலேர்ந்து யாராச்சும் வந்தாச் சொல்லு. இல்லேன்னா வெளியாளப் போட்டுடுவேன்." வீட்டு வேலைக்கும் போய்ப் பார்த்தாள். குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றியது. இரண்டு வீட்டில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் காலையில் மகள் புத்தகப் பையை எடுக்கவில்லை. ஆணியில் தொங்கிய சும்மாட்டை எடுத்துக்கொண்டாள். "ஒரு வருஷம்தாம்மா. அப்புறம் சேர்ந்துக்கறேன்" என்றாள். அடுத்த வருஷம் சேர்கிறேன் என்று போனவர்கள் எத்தனை பேர் அந்தச் சாரத்திலேயே நரைத்துப்போனார்கள் என்று கைவீசிக்குத் தெரியும்.

மகள் போனதும் வழக்கம்போலக் கடவுளிடம் பேச உட்கார்ந்தாள். பிழைக்க வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தாள். ஆனால் உள்ளேயிருந்து வேறொன்று வந்தது: அது கெட்ட கட்டியாகவே இருந்திருந்தால் பெண் இந்நேரம் வகுப்பில் இருப்பாளே. நினைத்த மாத்திரத்தில் பதறி வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்கக் கூடாதவர் கேட்டுவிட்டார் என்று அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் வந்தாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். முடியெல்லாம் சிமெண்ட் தூள்.

"என்ன சும்மாடும்மா இது? நடுவுல குழியா இருக்கு. தலையில நிக்கவே மாட்டேங்குது, சட்டி ஆடுது. எல்லாரும் சிரிச்சாங்க."

"கொண்டா இங்க" என்றாள் கைவீசி.

வாங்கி மடியில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து அகலப்படுத்திய குழி அது. பெட்டியைத் திறந்து தன்னுடைய பழைய சேலை ஒன்றைக் கிழித்து, அந்தக் குழிக்குள் திணித்தாள். கட்டியில்லாத ஒரு தலைக்குப் பொருந்தும்படி, தட்டையாக, இறுக்கமாகச் சுற்றிக் கட்டினாள். மகளைக் கிட்டே கூப்பிட்டு உச்சியில் வைத்துப் பார்த்தாள்.

"இப்ப ஆடுதா?"

"இல்லம்மா. நல்லா நிக்குது" என்றாள் மகள்.