பசியாறிட்டீங்களாக்கா?

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஈப்போவில் ஒரு சின்ன மண்டபத்தில் ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டபோது நடந்தது இது. "கண்டிப்பா வரணும்க்கா, உங்க வீட்டு வாசல்லதானே பாதிப் படம் எடுத்தோம்லா" என்று படம் எடுத்த பெண் வற்புறுத்தியதால் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருந்தாலும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

படம் என் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றியது. புந்தோங் அடுக்குமாடியில் ஆறு வருடம் அடுத்தடுத்த கதவு. சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராம். தனி ஆள், ஏதோ ஒரு கிடங்கில் காவல் வேலை. வேலையிடத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். வீட்டைக் காலி செய்தபோதுதான் தெரிந்தது, ஊருக்குள் கைமாறிக் கைமாறிச் சுற்றிய கேலிப் படக்கதைகளெல்லாம் அவருடையவை என்று. அச்சடிக்கப் பெர்மிட் கிடையாது, பெயர் கிடையாது. தானே எழுதி, வரைந்து, போட்டோஸ்டேட் எடுத்து, சாப்பாட்டுக்கடை மேசையிலும் பஸ் இருக்கையிலும் விட்டுவிட்டு வந்துவிடுவாராம். தோட்டத்து ஆபீஸ் கிராணி முதல் கோயில் கமிட்டித் தலைவர்வரை ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. பெயர் போட்டிருந்தால் உதை நிச்சயம்.

நான் டோபிக் கடையில் இஸ்திரி போடுகிறவள். ஒருமுறை யாருடைய கால்சட்டைப் பையிலோ அதில் ஒன்று கிடைத்தது. நின்ற இடத்திலேயே படித்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒரு சட்டை கருகியதுகூடத் தெரியவில்லை. அதை எழுதினவர் அன்று சாயங்காலம் என் பக்கத்தில் நின்றுதான் பூட்டைத் திறந்திருப்பார்.

எங்களுக்குள் பேச்சு ஒரே வரிதான். காலையில் கதவைப் பூட்டும்போது, "பசியாறிட்டீங்களாக்கா?" என்பார். "ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவேன். இங்கே எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதானே, பதிலுக்கு யார் காது கொடுக்கிறார்கள்? உண்மையில் என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, காலையில் நான் அடுப்பே பற்றவைப்பதில்லை. ஒற்றை ஆளுக்கு என்ன தோசை, என்ன சட்னி என்று ஒரு வீம்பு. ஆனாலும் வாய் 'ஆச்சு' என்றுதான் சொல்லும். படம் எடுக்க வந்த பெண் அவரைப் பற்றிக் கேட்டபோதும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அமைதியான மனுசன்" என்று முடித்துக்கொண்டேன்.

படத்தின் முடிவில், அவர் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த கடைசிப் படக்கதையைக் கட்டம் கட்டமாகத் திரையில் காட்டினார்கள். முதல் கட்டத்தில் ஒரு கதவு. அதன் ஓரத்தில் ஒரு குடை. வாசலில் வார் அறுந்து ஊக்குக் குத்திய இடதுகால் செருப்பு.

என் செருப்பு! காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அடுத்த கட்டத்தில் ஓர் ஆள் கேட்கிறான், "பசியாறிட்டீங்களாக்கா?" அவள், "ஆச்சு" என்கிறாள். கீழே அவருடைய கையெழுத்தில், "பொய். அந்த வீட்டுல காலையில தாளிக்கிற வாசனையே வந்ததில்ல." கடைசிக் கட்டத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் இரண்டு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்கள். "இன்னைக்கும் ஆச்சுன்னுட்டாங்க. ரெண்டையும் நானே சாப்பிடணும்லா."

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவைக்கத்தான் எழுதியிருப்பார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் கையில் எத்தனை நாள் பொட்டலம் இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் கையைப் பார்த்த ஞாபகம் இல்லை.

விளக்கைப் போட்டதும் அந்தப் பெண் ஓடிவந்தாள். "அந்தக் கதையில வர்ற அக்கா யாருன்னு கடைசிவரைக்கும் தெரியலக்கா. உங்க மாடியில யாராச்சும் இருக்காங்களா?"

'தெரியாது' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலை நகர்த்தி, ஊக்குக் குத்திய செருப்பைக் காட்டினேன். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் டோபிக் கடையில் பசியாறியாச்சா என்று யார் கேட்டாலும், "இன்னும் இல்ல" என்று உள்ளதைச் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லாமலே போய்விட்டது.