என் அக்கா, இன்னொருவரின் தங்கை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும், அக்காவோடு மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களும், பாளையம்பட்டியில் எங்கள் தெருக்காரர்களும் அக்காவின் நல்ல குணங்களை நன்கு அறிவீர்கள். அவற்றை எழுத உட்கார்ந்தபோதெல்லாம் என் பொறாமைதான் முதலில் வந்து நின்றது. அதை மறைத்து எழுதினால் அக்காவின் வாழ்வில் பதினொரு ஆண்டுகளை விட்டுவிட வேண்டியிருக்கும். அதனால் மறைக்கவில்லை.

அக்கா பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு சிறிய காலனியில். மழை பெய்தால் எங்கள் ஐயாவும் ஆத்தாவும் காட்டு வேலைக்குப் போவார்கள். பெய்யாத ஆண்டில் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை ஆறு வயது இளையவளான என்னை அக்காதான் பார்த்துக்கொண்டார். எனக்குத் தலை சீவி, சோறூட்டி, எழுத்துக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அக்கா எனக்கு மட்டும்தான் என்று நினைத்தே வளர்ந்தேன்.

அக்கா நர்சிங் முடித்து அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். திருமணமான இரண்டாம் ஆண்டே மாமா லாரி விபத்தில் இறந்தார். குழந்தை இல்லை. ஐயாவும் காலமான பிறகு, ஆத்தா பக்கவாதத்தில் படுத்தார். அந்த வைத்தியச் செலவுக்காகத்தான், வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அக்கா இஸ்ரேல் போனார். அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது.

“போயிட்டு வாரேண்டி. ஆத்தாவப் பாத்துக்க,” என்றார் பஸ் நிலையத்தில். நானும் பார்த்துக்கொண்டேன். அங்கன்வாடி வேலை முடிந்து வந்து, துடைத்து, துணி மாற்றி, ஊட்டினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் அக்காவைத்தான் புகழ்ந்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, “அம்மாவுக்குச் சாப்பாடு குடுக்கணும், வச்சிரட்டா?” என்பார். பெற்றவளை ஆத்தா என்றுதான் அழைத்தோம். அங்கே அக்கா பார்த்துக்கொண்ட யாரோ ஒருவர் அம்மா ஆகிவிட்டார்.

அந்த அம்மாளின் கதையை அக்கா பல நாட்களாகப் போனில் சொன்னார். நான் அரைக்காதாகத்தான் கேட்டேன். ஆனாலும் எதுவும் மறக்கவில்லை.

அவர் ஹங்கேரி நாட்டில் ஒரு சிற்றூரில் பிறந்த யூதப் பெண். அப்பா தையல்காரர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் ஜெர்மனி, யூதர்களாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக அறுபது லட்சம் பேரை நாடு நாடாகத் தேடிப் பிடித்துக் கொன்றது. யூதர்கள் மேல்சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அந்த அப்பா தன் பிள்ளைகளின் சட்டையில் தானே உட்கார்ந்து, தையல் பிசகாமல் தைத்துக்கொடுத்தாராம். பிறகு ஊரிலிருந்த யூதர்கள் அனைவரையும் சரக்கு ரயிலில் அடைத்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவையும் அம்மாவையும் இறங்கிய இடத்திலேயே பிரித்து, அன்றைக்கே விஷவாயு விட்டுக் கொன்றார்கள். அந்த அம்மாளுக்குப் பதினேழு வயது. தங்கை மக்தாவுக்குப் பதினான்கு. வேலைக்கு ஆகாத சிறுவயதினரையும் கொன்றதால், பதினாறு என்று பொய் சொல்லச் சொல்லித் தங்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

சில மாதங்களில் மக்தாவுக்குக் காய்ச்சல் கண்டு, நோயாளிகளின் கொட்டகைக்கு அனுப்பினார்கள். தனக்குக் கிடைத்த ரொட்டியில் பாதியை அக்காக்காரி நாள்தோறும் கொண்டுபோய்ப் பலகை இடுக்கு வழியாகக் கொடுத்துவந்தார். ஒரு நாள் பசி தாங்காமல் அந்தப் பாதியையும் தானே தின்றுவிட்டார். மறுநாள் போனபோது கொட்டகை காலியாக இருந்தது. அங்கிருந்த எல்லோரையும் கொன்றுவிட்டார்கள்.

போர் முடிந்து அவர் மட்டும் தன் ஊருக்குத் திரும்பினார். அவர்கள் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி குடியிருந்தாள். தண்ணீர் கேட்டதற்குக் கொண்டுவந்து கொடுத்தாள், ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள், உள்ளே விடவில்லை. இதைக் கேட்டதும், எங்கள் ஆத்தா நிலமுள்ள மேல்சாதிச் சம்சாரி வீட்டு வாசலில் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தித் தண்ணீர் குடித்ததை அக்கா அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறார். ஆத்தா தண்ணீர் குடித்ததை அக்கா என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

கடைசி ஆண்டுகளில் அந்த அம்மாளுக்கு நினைவு தப்பியது. அக்காவைத் தன் தங்கை என்று நினைக்கத் தொடங்கினார். சாப்பாட்டு வேளையில் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை அக்காவிடம் நீட்டுவார். அக்கா அதைத் தின்றுவிட்டு, “எட்டெம், யோல்லக்தம்” என்று அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். சாப்பிட்டேன், வயிறு நிறைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகுதான் அவர் வாயில் ஒரு பருக்கை இறங்கும். வேறு யார் கொடுத்தாலும் தொடமாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தா இறந்தார். போனில் சொன்னேன். அக்கா அழுதார். ஆனால், வரவில்லை என்றார்.

“பெத்தவளுக்கு வாய்க்கரிசி போட வரல, அங்கன ஒரு கிழவிக்கு ஊட்டிக்கிட்டு இருக்க,” என்றேன்.

“அவுக என்னையத் தங்கச்சின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காகடி. நான் இப்பக் கெளம்பி வந்தா, ரெண்டாந் தடவையும் தங்கச்சியப் பறிகுடுத்த மாதிரி ஆயிரும்.”

“அப்ப நான் யாரு?” என்று கேட்டேன்.

நான் போனை வைத்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. ஆத்தாவுக்கு நானே எல்லாம் செய்தேன்.

அந்த அம்மாள் தொண்ணூறு வயதைத் தாண்டி இறந்த பிறகு அக்கா ஊர் திரும்பினார். பாளையம்பட்டியில் என்னோடு நான்கு ஆண்டுகள் இருந்தார். தெருவில் யாருக்குச் சர்க்கரை கூடினாலும் முதலில் அக்காவிடம்தான் வருவார்கள். பிறகு அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கடைசி வாரங்களில், ஒரு வாய் கஞ்சி ஊட்டினால் “யோல்லக்தம்” என்பார். என் கையால் சாப்பிட்டுவிட்டு அந்த அம்மாளிடம் பேசுகிறாரே என்று கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அப்போது அந்த அம்மாளின் மகள் இஸ்ரேலிலிருந்து போன் செய்தார். அவருக்கே எழுபது வயதிருக்கும். அக்காவின் முகத்தை வீடியோவில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். அக்கா விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். “தூங்குறாங்க” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். மறுபடியும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் அக்கா இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் நானே அவரை அழைத்தேன். அக்கா போய்விட்டதைச் சொன்னேன். இரண்டு தடவையும் நான் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். எதற்காக என்று கேட்டார். பொறாமை என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவர் மெதுவாக, எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். தன் பெயரும் மக்தாதான் என்றார். இறந்துபோன தங்கையின் பெயரை அவர் அம்மா மகளுக்கு வைத்திருக்கிறார்.

“அம்மா என் பெயரைச் சொல்லி உங்கள் அக்காவைக் கூப்பிடுவார். நான் பக்கத்தில் நிற்பேன். இந்தப் பெண் யார் என்று என்னைக் காட்டிக் கேட்பார். நான் கொடுத்த ரொட்டியைத் தொடமாட்டார். உங்கள் அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறேன்,” என்றார்.

போனை வைக்கப்போகும்போது, அக்கா இறந்த நாளைக் கேட்டார். அவர்கள் வழக்கத்தில், இறந்த நாளில் ஆண்டுதோறும் ஒரு விளக்கு ஏற்றுவார்களாம். “என் சித்திக்கு எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. புதைத்த இடமும் இல்லை. உங்கள் அக்காவுக்கு நாள் இருக்கிறது. சொல்லுங்கள்,” என்றார்.

இதையும் பங்கு போட வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு சொன்னேன். எழுதிக்கொள்வதற்காக இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

நேரம் பார்க்காமல் மதுரைக்கு ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், அக்காவைக் குளிப்பாட்ட முறை வைத்து வந்த தெருப் பெண்களுக்கும், நரிக்குடியிலிருந்து வந்து பதினாறு நாளும் உடனிருந்த சித்தப்பா குடும்பத்துக்கும் என் நன்றி. மக்தா அம்மாவுக்கும் நன்றி. அவர்கள் கணக்கில் சூரியன் மறைந்ததுமே அடுத்த நாள் பிறந்துவிடுமாம். அதனால் நாம் இங்கே படத்துக்கு மாலை போடுவதற்கு முந்தின மாலையே அவர் விளக்கை ஏற்றிவிடுவார். எனக்கு முன்னால் அவர் முந்திக்கொள்வதில் இப்போதும் எனக்குப் பொறாமைதான். ஏற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கை